சோற்றுக்கும் வாடகைக்கும் அனுப்புகிற பணமும் படிப்புச் செலவுதான்

திருநெல்வேலி மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் அவர்களுக்கும், ஆட்சியர் தலைமையில் கூடுகிற மாவட்ட வங்கியாளர் ஆலோசனைக் குழுவினருக்கும்,

வணக்கம்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வருமான வரி, ஜிஎஸ்டி, கடைக்காரர்களின் வரவு செலவு என்று ஓடிக்கொண்டிருந்த என் மேசைக்குச் சில ஆண்டுகளாகப் புதிதாக ஒரு கூட்டம் வருகிறது. மகனையோ மகளையோ வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பியவர்கள், அனுப்பப் போகிறவர்கள். பிசானம் அறுத்து நெல்லை விற்ற கையோடு வருவார்கள். துணிக்கடைப் பைக்குள் பாஸ்போர்ட் நகல், பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மெயிலின் பிரிண்ட், வங்கியில் திருப்பிக் கொடுத்த, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் எல்லாம் இருக்கும். "பேங்குல என்னமோ லெட்டர் கேக்காங்க அண்ணாச்சி, எங்ககிட்ட அது கெடையாதே" என்பார்கள்.

பிள்ளைகளின் சாப்பாடு, வாடகை, பஸ் பாஸ் ஆகியவற்றுக்கு வீட்டார் அனுப்பும் பணத்தை, நான் பார்த்தவரை, நம் பக்கத்துக் கிளைகள் பல படிப்புச் செலவாக எடுத்துக்கொள்வதில்லை. கல்லூரியின் கணக்குக்குப் போகும் பீஸ் மட்டும்தான் படிப்பு, மற்றதெல்லாம் 'குடும்பப் பராமரிப்பு' என்று ஒரு வழக்கம் எப்படியோ ஊன்றிவிட்டது. ரிசர்வ் வங்கியும் சரி, வருமான வரித் துறையும் சரி, அப்படி எங்கும் சொல்லவில்லை. இந்த வழக்கத்தால் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுக்கு என்ன நஷ்டம் என்பதைக் கணக்கோடு எடுத்துச் சொல்லத்தான் இந்த மடல்.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்கு ஒரு சிறு தொகையோடு சரி. அதனால்தான் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் நடுத்தர வீட்டுப் பிள்ளைகளும் இன்ஜினியரிங் முடித்த கையோடு அங்கே மாஸ்டர்ஸ் படிக்கப் போக முடிகிறது. ஆனால் விசாவுக்கு முன்பே ஓர் ஆண்டுச் செலவுக்கான பணத்தை அந்த ஊர்க் கணக்கில் போட்டுக் காட்டியாக வேண்டும். 'பிளாக்டு அக்கவுன்ட்' என்று பிள்ளைகள் சொல்வது அதைத்தான். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. பிள்ளை போய் இறங்கியதும் மாதம் 992 யூரோ வீதம் எடுத்துக்கொள்ளலாம். யூரோ நூறு ரூபாயை ஒட்டி நிற்கிற காலத்தில் இது 12 லட்சத்துக்குப் பக்கம் வரும். கனடாவுக்கும் இதே மாதிரி ஒரு ஏற்பாடு உண்டு. 2025 செப்டம்பரிலிருந்து அங்கே காட்ட வேண்டியது, பீஸ் போக, 22,895 கனடா டாலர்.

ஆக, ஜெர்மனிக்குப் போகும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து போகும் பணம் ஏறக்குறைய முழுவதும் சோற்றுக்கும் வாடகைக்குமான பணம். பீஸ் கட்டச் சொல்லி ஒரு கடிதம் வரவே வராது.

என் அக்கா மகள் போன கதை இது. அக்கா வங்கிக்குப் போய் வரிசையில் நின்று படிவத்தை நீட்டினாள். கவுன்டரில் இருந்தவர் பல்கலைக்கழகத்தின் பீஸ் கடிதத்தைக் கேட்டார்.

"பீஸே கெடையாது சார்."

"பீஸ் இல்லாம எப்படிம்மா படிப்பு?"

அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. அட்மிஷன் கடிதத்தைக் காட்டினாள். அதில் தொகை எதுவும் இல்லையே என்றார் அவர். அவர் கம்ப்யூட்டரில் எந்தக் காரணத்துக்காகப் பணம் போகிறது என்பதற்கு ஒரு பட்டியல் விரியும். அதில் எஸ்0305 என்பது படிப்புக்கான பயணம். பீஸ், விடுதிச் செலவு எல்லாம் அதற்குள் அடக்கம் என்று ரிசர்வ் வங்கியின் பட்டியலிலேயே போட்டிருக்கிறது. எஸ்1301 என்பது குடும்பப் பராமரிப்பு. அவர் இரண்டாவதைத் தட்டினார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள், நகைக்கடன் வரிசை வாசலைத் தாண்டிப் போகிறது, கையில் பீஸ் கடிதம் இல்லாத ஓர் அம்மா. நானே அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் தட்டியிருப்பேனோ என்னவோ.

ஆனால் அந்த ஒரு தட்டலின் விலையைப் பாருங்கள். ஒரு நிதியாண்டில் ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வங்கி டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி, பிடிக்க வேண்டும். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 7 லட்சமாக இருந்தது. படிப்புக்கு என்றால் 5 சதமாக இருந்தது. 2026 பட்ஜெட்டில் அதை 2 சதமாகக் குறைப்பதாக அறிவித்தார்கள். படிப்பு, மருத்துவம் தவிர்த்த மற்ற காரணங்களுக்கு 2023 அக்டோபரிலிருந்து 20 சதம். 12 லட்சம் அனுப்பினால் வரம்புக்கு மேலே நிற்பது 2 லட்சம். எஸ்0305 என்று போட்டால் பழைய கணக்கில் 10,000, புதுக் கணக்கில் 4,000. எஸ்1301 என்று போட்டால் 40,000. அதே பிள்ளை, அதே பணம், அதே கணக்கு.

"டிசிஎஸ் திரும்ப வந்துரும்லா, அப்புறம் என்ன?" என்று கேட்பீர்கள். வரும். வரி கட்டுகிறவர் கழித்துக்கொள்ளலாம், மாதச் சம்பளக்காரர் 2024 அக்டோபர் முதல் அலுவலகத்தில் பிடிக்கும் வரியிலேயே சரிக்கட்டச் சொல்லலாம். ஆனால் களக்காட்டு வாழை விவசாயிக்கு வருமான வரியே கிடையாது. விவசாய வருமானத்துக்கு வரி இல்லாததால் பலர் ரிட்டர்ன் போடுவதும் இல்லை. பிடித்த பணம் கைக்கு வர அவர் ரிட்டர்ன் போட்டாக வேண்டும், அதற்கு நிதியாண்டு முடிய வேண்டும், அப்புறம் ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டும். கல்விக் கடன் எடுத்து அனுப்பினால் 2025 ஏப்ரலிலிருந்து டிசிஎஸ் அறவே இல்லை. ஆனால் நம் ஊரில் அவசரத்துக்கு எடுப்பது நகைக்கடன். சங்கிலி அடகில் இருக்கிறது, வட்டி ஓடுகிறது, 40,000 ரூபாய் ஒரு வருஷத்துக்கும் மேலாக யாருக்கும் உதவாமல் கிடக்கிறது. ஜெர்மனியில் பிள்ளையின் ஒரு மாதச் செலவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு அது காணும்.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023 ஜூன் 30 அன்று வெளியிட்ட 10ஆம் எண் சுற்றறிக்கையை எடுத்துப் பாருங்கள். படிப்புக்கு அனுப்பும் பணம் என்பதற்குள் மாணவர் போய்வரும் டிக்கெட், கல்வி நிறுவனத்துக்குக் கட்டும் தொகை, அந்தப் படிப்புக்குத் தேவையான அன்றாடச் செலவு மூன்றும் அடங்கும் என்று கேள்வி பதிலாகவே விளக்கியிருக்கிறார்கள். அன்றாடச் செலவு என்று எழுதியிருக்கிறது. இதற்கு மேலும் தெளிவாக எப்படி எழுத முடியும் என்று தெரியவில்லை.

லெட்டர் விஷயமும் அப்படித்தான். 2004இல் 25,000 டாலரில் தொடங்கிய 'தாராளப் பணம் அனுப்பும் திட்டம்' என்பது தனியாள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்த ஏற்பாடு; அதன் வரம்பு 2015இலிருந்து ஆளுக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். அந்த வரம்புக்குள் படிப்புக்காக அனுப்பினால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் செலவு மதிப்பீட்டை வற்புறுத்த வேண்டியதில்லை என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலே சொல்கிறது. வரம்பைத் தாண்டினால்தான் அந்தக் கடிதம் வேண்டும். நம் சம்சாரி வீட்டுப் பணம் வரம்பின் கால்மாட்டில்கூட வராது. பான் கார்டு, ஏ2 படிவம், அட்மிஷன் கடிதம், பாஸ்போர்ட் இருந்தால் வேலை முடிந்துவிட வேண்டும்.

அக்காவின் கணக்கு திறந்து ஓர் ஆண்டு ஆகவில்லை என்று இன்னொரு தடை வந்தது. ஓர் ஆண்டுப் பழைய கணக்கு என்பது வெளிநாட்டில் சொத்தோ பங்கோ வாங்கப் போகும் மூலதனப் பணத்துக்கு வைத்த நிபந்தனை. படிப்புப் பணம் சொத்து சேர்க்காத செலவுப் பணம், 'நடப்புக் கணக்குப் பரிவர்த்தனை' என்பது அதைத்தான். அதற்கு இந்த நிபந்தனை இல்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பெண்களில் பலருக்குத் தனிக் கணக்கே பிள்ளை வெளிநாடு போகும்போதுதான் பிறக்கிறது. 10 லட்சம் என்பது ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரம்பு. அப்பா பாதி, அம்மா பாதி அவரவர் சொந்தப் பணத்தில் அனுப்பினால் டிசிஎஸ் பேச்சே வராது. மார்ச்சில் கொஞ்சம், ஏப்ரலில் கொஞ்சம் என்று இரண்டு நிதியாண்டாகப் பிரித்தாலும் வராது. குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்குவதால், பிசானப் பணம் கைக்கு வரும் மாசி, பங்குனி இதற்கு நன்றாகவே தோதுப்படும். வரி ஏய்ப்பு ஒன்றும் இல்லை இதில். கவுன்டரிலேயே சொல்லிவிடக்கூடிய யோசனை.

இடையில் நானே பணம் அனுப்பிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. தாய்மாமன் இல்லையா? காது குத்தும்போது மடியில் உட்கார வைத்தவன், இதற்கு மட்டும் ஒதுங்கி நிற்பானா? "நீங்க ரிலேட்டிவ் லிஸ்ட்ல வரமாட்டீங்களே சார்" என்றார் அதிகாரி. சிரிப்பு வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. 2018இல் ரிசர்வ் வங்கி நெருங்கிய உறவு யார் என்பதற்குக் கம்பெனிச் சட்டத்தின் பட்டியலை எடுத்துக்கொண்டது. தகப்பன், தாய், கணவன், மனைவி, பிள்ளைகள், மருமகன், மருமகள், உடன்பிறந்தவர் இருக்கிறார்கள். தாய்மாமன் இல்லை, சித்தப்பா இல்லை, அத்தை இல்லை. திருநெல்வேலியில் உட்கார்ந்து யாரும் அந்தப் பட்டியலை எழுதவில்லை என்பது மட்டும் உறுதி. அதை மாற்றுவது உங்கள் கையில் இல்லை, கேட்கவும் இல்லை. நான் அக்காவுக்குக் கொடுத்தேன், அக்கா அனுப்பினாள். தம்பி அக்காவுக்குக் கொடுக்கும் பணத்துக்கு அவள் வரி கட்ட வேண்டியதும் இல்லை. ஆனால் இப்படி ஒரு நேர்வழி இருக்கிறது என்று கவுன்டரில் யாரும் சொல்லவில்லை. இல்லை என்று சொன்னதோடு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

செலாவணி விலைக்கு வருவோம். யூரோவுக்கு ஒரு ரூபாய் கூடினால் 11,904 யூரோவுக்கு 11,904 ரூபாய் கூடும். சந்தை விலைக்கும் வங்கி போடும் விலைக்கும் இடையே ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் இடைவெளி சாதாரணம். பெரிய வியாபாரிகள் போன் போட்டுப் பேசிக் குறைக்கிறார்கள். பேசலாம் என்றே தெரியாத அம்மா, பாஸ்புக்கில் பதிந்த பிறகுதான் என்ன விலை என்று தெரிந்துகொள்கிறாள். வெளிநாட்டு வங்கிக்குத் தகவல் அனுப்பும் ஸ்விஃப்ட் கட்டணம், செலாவணி மாற்றத்துக்கான ஜிஎஸ்டி எல்லாம் இதன் பக்கத்தில் சின்னச் சங்கதி. 12 லட்சத்துக்கு ஜிஎஸ்டி ஆயிரத்துச் சொச்சம்தான்.

இடையில் உள்ள வங்கி பிடிக்கும் கட்டணம் அப்படியல்ல. ஏ2 படிவத்தோடு தரும் விண்ணப்பத்தில், வெளிநாட்டு வங்கிக் கட்டணம் யாருடையது என்று ஒரு கட்டம் உண்டு. அனுப்புகிறவர் முழுவதும் ஏற்பது ஒன்று, ஆளுக்குப் பாதி என்பது இன்னொன்று. அதை நிரப்பாமல் விட்டால் பெரும்பாலும் பாதிப் பாதி என்றே போய்விடும். வழியில் ஒரு வங்கி பதினைந்து, இருபது யூரோவை எடுத்துக்கொள்ளும். மற்ற காரியத்துக்கு அது பெரிதில்லை. பிளாக்டு அக்கவுன்டில் 11,904 வரவேண்டிய இடத்தில் 11,886 வந்தால் பணம் கட்டியாயிற்று என்ற சான்று வராது, சான்று இல்லாமல் விசா நேர்காணலுக்குப் போக முடியாது. அந்தப் பதினெட்டு யூரோவைத் திரும்ப அனுப்ப மறுபடியும் ஏ2, மறுபடியும் ஸ்விஃப்ட் கட்டணம். பிள்ளை ராத்திரி தூங்காமல் வாட்ஸ்அப்பில் கிடக்கும். ஒரு கட்டத்தில் ஒரு டிக், அவ்வளவுதான் விஷயம்.

நம் மாவட்டத்துக்கு வெளிநாட்டுப் பணம் புதிதல்ல. மேலப்பாளையம், ஏர்வாடி, பத்தமடை வீடுகளுக்கு வளைகுடாவிலிருந்து பணம் வருகிறது. அதற்கு முன் கொழும்பு, ரங்கூன், பினாங்கிலிருந்து வந்தது. வருகிற பணம் என்றால் உங்கள் கிளைகள் எல்லாம் கெட்டிக்காரக் கிளைகள்தான். என்ஆர்ஐ டெபாசிட் என்றால் மேலாளரே எழுந்து வந்து நாற்காலி போடுகிறார். போகிற பணத்துக்கு "திருநெல்வேலி மெயின் பிராஞ்சுக்குப் போங்க", அங்கே போனால் "மதுரைக்கு அனுப்பியிருக்கோம்". செலாவணி வேலை பார்க்கும் கிளைகள் குறைவு என்பது புரிகிறது. ஆனால் காகிதத்தை வாங்கி அனுப்புகிற கிளையில் எந்தக் காகிதம் என்று தெரிந்த ஒருவராவது இருக்கலாம் அல்லவா? ரிசர்வ் வங்கிக் கணக்கில் 2023-24இல் படிப்பு என்ற தலைப்பில் நாட்டிலிருந்து போனது சுமார் 350 கோடி டாலர், நெருங்கிய உறவினர் பராமரிப்பு என்ற தலைப்பில் போனது சுமார் 460 கோடி டாலர். இரண்டாவது தலைப்புக்குள் எத்தனை பிள்ளைகளின் வாடகை ஒளிந்து கிடக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இதெல்லாம் கஷ்டம் என்றால் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரியாததில்லை. டீக்கடையில் பேச்சு இப்படிப் போகும்: "எம் மவன் அங்கனதான் வேலை பாக்கான். அவன் உம்ம புள்ளைக்கு யூரோ குடுத்துருவான், நீரு இங்க எங்க வீட்டுல ரூவாயக் குடுத்துரும். பேங்கு எதுக்குவே?" கேட்க நன்றாக இருக்கிறது. விலையும் நல்ல விலை, டிசிஎஸ் இல்லை, லெட்டர் இல்லை. இது அந்நியச் செலாவணி பற்றிய ஃபெமா சட்டத்தின் 3ஆம் பிரிவுக்கு விரோதம், பிடிபட்டால் தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் உண்டு என்பது பேசுகிற இருவருக்கும் தெரியாது. நான் வருகிறவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். நாளைக்குப் பிள்ளையின் கணக்கில் முன்பின் தெரியாதவர் போட்ட பணத்தைக் காட்டி எங்கிருந்து வந்தது என்று அந்த ஊர் வங்கி கேட்டால் பதில் சொல்ல வேண்டியது படிக்கப் போன பிள்ளை. ஆனால் நேர்வழியில் போனவரை அலைய விட்டுவிட்டுக் குறுக்கு வழியில் போகாதே என்று நான் எத்தனை பேரிடம் சொல்ல முடியும்?

புகார் கொடுக்கலாமே என்று ஒரு மேலாளர் நல்ல மனதோடு சொன்னார். ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம் 2021இலிருந்து இருக்கிறது, 14448 என்ற எண்ணும் இருக்கிறது. முதலில் வங்கியில் எழுத்தில் கொடுத்து, பதில் வராவிட்டால் 30 நாள் கழித்து அங்கே போக வேண்டும். விசா தேதி முப்பது நாள் நிற்காது.

உங்களிடம் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. அடுத்த ஆலோசனைக் குழுக் கூட்டத்தில், விவசாயக் கடன் இலக்கு, சுயஉதவிக் குழுக் கடன் எல்லாம் பேசி முடித்தபின், இதற்கும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். படிக்கும் பிள்ளையின் அன்றாடச் செலவுக்குப் போகும் பணம் எஸ்0305இல்தான் போக வேண்டும் என்று எல்லா வங்கிக் கிளைகளுக்கும் உங்கள் பெயரில் ஒரு கடிதம் போகட்டும். 10ஆம் எண் சுற்றறிக்கையின் நகலையும் அதோடு வையுங்கள். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, வள்ளியூர், திசையன்விளை ஆகிய ஊர்களில் ஊருக்கு ஒரு கிளையிலாவது இந்த வேலை தெரிந்த ஓர் ஆள் இருக்கட்டும், அவர் எந்தக் கிழமை இருப்பார் என்று வாசலில் எழுதிப் போடுங்கள். பணத்தை எடுப்பதற்கு முன்னால் இன்றைக்கு யூரோ இவ்வளவு, கட்டணம் இவ்வளவு, அங்கே போய்ச் சேர்வது இவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டு கொடுத்துக் கையெழுத்து வாங்கினால், பிறகு வரும் சண்டையில் பாதி வராது. ஏ2 படிவம் இங்கிலீஷில்தான் இருக்கும், சரி. எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்ற மாதிரிப் படிவம் ஒன்று தமிழில் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கலாமே. கட்டணம் யாருடையது என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு வரி வேண்டும்.

ஏற்கெனவே தவறான தலைப்பில் போன பணத்துக்கும் ஒரு வழி செய்யுங்கள். நடப்பு நிதியாண்டுக்குள் வாடிக்கையாளர் அட்மிஷன் கடிதத்தோடு வந்து கேட்டால், காரணத் தலைப்பைத் திருத்த முடியுமா, பிடித்த டிசிஎஸ்ஸைச் சரிக்கட்ட முடியுமா என்பதைக் கிளைகளை விட்டு அவரவர் தலைமையகத்தில் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் அதையாவது எழுத்தில் கொடுக்கட்டும், ரிட்டர்ன் போடும்போது நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அந்தத் தமிழ் மாதிரிப் படிவத்தை நான் ஒரு தாளில் எழுதி, எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். உங்களில் யாராவது சரிபார்த்துத் திருத்திக் கொடுத்தால் வங்கியின் பெயரிலேயே அச்சடித்துக்கொள்ளலாம், என் பெயர் வேண்டாம். ஜெர்மனிக்குப் போகிறவர்கள் ஆனி, ஆடிக்குள் பணம் கட்டியாக வேண்டும். கூட்டம் அதற்கு முன்னால் நடக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஆடிட்டர் அலுவலகக் கணக்கர் ஒருவர்,
அம்பாசமுத்திரம்.